நாற்பத்தெட்டு வயதில் மறுபடி வகுப்பறைக்கு: சுவீடனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியோர் பராமரிப்பில் தாதியாக வேலை செய்கிறேன். சுவீடனுக்கு வந்த புதிதில் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை பார்த்துக்கொண்டே உதவித் தாதிக்குப் படித்தேன். நாற்பத்தாறு வயதில் பல்கலைக்கழகத்தில் தாதிப் படிப்பில் சேர்ந்தேன். அந்தச் செய்தி பரவியதிலிருந்து கோயில் வாசலிலும் கலியாண வீட்டுப் பந்தியிலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒருமுறை ஆற அமர எழுதிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு 48 வயசாகுது. இனிப் பல்கலைக்கழகத்தில எடுப்பினமோ?

எடுப்பார்கள். சேர்க்கைக்கு மேல் வயது எல்லை கிடையாது. எண்பது வயதுக்காரரும் விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தால் இடம் கிடைக்கும். என் முதல் வகுப்பில் எனக்கு வலப்பக்கம் இருந்த பிள்ளைக்கு 19 வயது. இடப்பக்கம் இருந்தவர் ஐம்பதைத் தாண்டிய, முன்பு லொறி ஓட்டிய மனிதர். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வயது குறுக்கே நிற்பது பணத்தில்தான். படிப்புதவித் தொகையும் கடனும் கொடுக்கிற சி.எஸ்.என். என்ற அரசு நிறுவனம் முன்பு 56 வயதோடு நிறுத்திவிடும். 2022 முதல் அதை 60 ஆக உயர்த்தினார்கள். 51 வயதிலிருந்து கடன் வாங்கக்கூடிய வாரங்கள் படிப்படியாகக் குறையும். அதனால் 48 வயதுக்காரருக்கு என் பதில்: யோசிக்க நேரம் உண்டு, ஆனால் நிறைய இல்லை.

வயசானாக்களைப் படிப்பிச்சு அரசாங்கத்துக்கு என்ன லாபம்?

கேட்கிறவர் பெரும்பாலும் வரி கட்டுகிறவர். நியாயமான கேள்வி.

சுவீடனின் சனத்தொகை ஒரு கோடியே ஐந்து இலட்சத்தைச் சுற்றி நிற்கிறது. அதில் ஐந்தில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். பெண்களின் சராசரி ஆயுள் 85 வயதைத் தொட்டுவிட்டது. ஆண்களுடையது 81-ஐத் தாண்டிவிட்டது. ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைகளின் சராசரி 2023-இல் 1.45. 1940-களில் இங்கே பிள்ளைகள் ஏராளமாகப் பிறந்தார்கள். அந்தத் தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. எழுபது வயதுக்காரர் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவார். எண்பத்தைந்து வயதுக்காரருக்குக் குளிக்க ஒரு கை வேண்டும், மருந்தை எண்ணிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். வேலை கூடுவது இந்த எண்பதுக்கு மேலேதான்.

இந்தப் பராமரிப்பைப் பிள்ளைகள் தலையில் கட்டாமல் நாட்டின் 290 நகரசபைகளும் வரிப்பணத்தில் செய்கின்றன. முதியவர் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு 2002 முதல் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. நலன்புரி அரசு என்று நாம் சொல்வது நடைமுறையில் இதுதான்: கையில் காசில்லாத கிழவிக்கும் காலை எட்டு மணிக்கு ஒருவர் வந்து கதவைத் தட்டுவார்.

அந்த ஒருவர் எங்கிருந்து வருவார்? பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் போதாது; அத்தனை பேர் பிறக்கவே இல்லை. கடையில் இருபது வருடம் நின்றவர், தொழிற்சாலை மூடியதால் வெளியே வந்தவர், வேறு நாட்டில் ஆசிரியராக இருந்தவர் ஆகியோரில் ஒரு பகுதியினர் நடுவயதில் தொழில் மாறினால்தான் அந்தக் கதவை யாராவது தட்டுவார்கள். நடுவயதில் தொழில் மாற வகுப்பறை வேண்டும். அரசின் லாபம் என்றால் முதலில் இதுதான் எனக்குத் தெரிகிறது.

இது ஆர் தொடக்கிவைச்சது?

வேர் பழையது. உழவர் பிள்ளைகளுக்கான ஃபோல்க்ஹோக்ஸ்கூலா என்ற மக்கள் கல்லூரிகள் சுவீடனில் 1868-இல் தொடங்கின. 1902-இல் ஓஸ்கார் உல்சொன் என்பவர் மதுவிலக்கு இயக்கத்துக்குள்ளே படிப்பு வட்டங்களை ஆரம்பித்தார். ஒரு புத்தகத்தைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கி, வாசித்து, மேசையைச் சுற்றியிருந்து பேசுவார்கள். வாசித்து முடித்த புத்தகங்கள் ஊர் நூலகமாகும். எங்கள் ஊர் வாசிகசாலையில் பேப்பரை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் இருந்து கேட்ட காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த வாசம்தான்.

பல்கலைக்கழகக் கதவு திறந்தது மிகவும் பிந்தி. 1969-இல் வெர்சாய் நகரில் ஐரோப்பியக் கல்வி அமைச்சர்கள் கூடினார்கள். அப்போது சுவீடனின் கல்வி அமைச்சராக இருந்த ஓலோஃப் பால்மே, கல்வியை இளமையில் ஒரே மூச்சில் முடிக்காமல், வேலைக்கும் படிப்புக்கும் மாறி மாறிப் போய்வரும் முறையை அங்கே முன்வைத்தார். 1977 உயர்கல்விச் சீர்திருத்தத்தில் 25:4 என்றொரு விதி வந்தது. 25 வயது ஆகி, நான்கு வருடம் வேலை செய்திருந்தால், உயர்தரம் படிக்காதவரும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். சமையல், பிள்ளை வளர்ப்பு என்று வீட்டில் செய்த வேலையும் அந்த நான்கு வருடத்தில் சேரும். அந்த விதி பின்னர் எடுக்கப்பட்டுவிட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான். அடுப்படியில் கழிந்த வருடங்களைப் பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்தது சின்ன விஷயமல்ல.

வேலையை விட்டிட்டுப் படிச்சு, பிறகு வேலை கிடைக்காட்டி?

வேலையை விட வேண்டாம். இதை எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் ஆட்கள் நம்புவதில்லை. 1975 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் படிப்பு விடுப்புச் சட்டம் இருக்கிறது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, அல்லது கடந்த இரண்டு வருடத்தில் மொத்தம் பன்னிரண்டு மாதம் செய்தவருக்கு, படிப்பதற்கு விடுப்புக் கேட்கும் உரிமை உண்டு. முதலாளி ஆறு மாதம் வரை தள்ளிப்போடலாம். அதற்கு மேலே தள்ள வேண்டுமானால் தொழிற்சங்கத்தின் சம்மதம் தேவை. முடியாது என்று ஒரேயடியாக மறுக்க முடியாது. படிப்பு அந்த வேலைக்குத் தொடர்பானதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. படித்து முடித்துத் திரும்பினால் அதே நிலையில் வேலை இருக்க வேண்டும். சம்பளம் மட்டும் கிடைக்காது.

சுவீடனின் ஏற்பாடுகளில் வெளிநாட்டார் பார்த்து வியப்பது கட்டணமில்லாத பல்கலைக்கழகத்தைத்தான். நான் பெரிதாக நினைப்பது இந்தப் பழைய விடுப்புச் சட்டத்தை. கட்டணம் இல்லையென்றாலும், திரும்பி வர வேலை இல்லையென்றால் வீட்டு வாடகையும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒருவர் எந்தத் துணிவில் படிக்கப் போவார்? எனக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லித்தந்தது எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியான ஒரு வயதான அம்மா. அவர் சொல்லியிராவிட்டால் நான் இன்றும் இரவு வேலையில்தான் இருந்திருப்பேன்.

அப்ப சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?

இரண்டு வழிகள். ஒன்று, எல்லா மாணவருக்கும் உள்ள சி.எஸ்.என். உதவித்தொகையும் கடனும். இளம் பிள்ளைக்குக் காணும், குடும்பத்துக்குக் காணாது.

மற்றது புதியது. தொழில் மாற்றத்துக்கான படிப்புதவி என்று சொல்லலாம். சட்டம் 2022-இல் வந்தது, 2023 தொடக்கத்திலிருந்து அதில் படிக்கலாம். சம்பளத்தின் 80 சதவீதம் வரை, ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு, கொடுக்கிறார்கள். முழுநேரப் படிப்பென்றால் 44 வாரம். வயது 27 முதல் 62 வரை. கடந்த 14 வருடத்தில் குறைந்தது எட்டு வருடம் வேலை செய்திருக்க வேண்டும்.

இது சும்மா வந்த சலுகையல்ல. ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்ற வேலைப் பாதுகாப்பு விதியைத் தளர்த்தும்படி முதலாளிமார் நெடுங்காலமாகக் கேட்டுவந்தார்கள். தொழிற்சங்கங்கள் அதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன, அதற்கு ஈடாக இந்தப் படிப்புரிமையை வாங்கின. ஒரு வேலையில் இருக்கும் பாதுகாப்பைக் குறைத்து, அடுத்த வேலைக்குப் போகும் வலுவைக் கூட்டுகிற பண்டமாற்று. 2025 மார்ச்சில் வடக்கே ஷெலெஃப்டியோவில் நார்த்வோல்ட் பற்றரித் தொழிற்சாலை நொடித்து ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தபோது, இது ஏட்டில் மட்டும் உள்ள பேச்சல்ல என்று எல்லோருக்கும் விளங்கியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். விண்ணப்பங்கள் குவிந்ததில் முதல் வருடங்களில் முடிவு வர மாதக்கணக்கானது. பாடம் தொடங்கிய பிறகு அனுமதி வந்தவர்கள் பலர். இன்னொன்று, 44 வாரம் என்பது ஒரு கல்வியாண்டு. ஏற்கெனவே தாதியாக உள்ளவர் முதியோர் பராமரிப்பில் சிறப்புப் படிப்புச் செய்ய அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும். அந்தப் படிப்பு 60 புள்ளி (இங்கே புள்ளி என்பது படிப்பின் அளவு, மதிப்பெண் அல்ல), ஒரு வருடம். ஆனால் கடையில் நிற்பவர் தாதியாக மூன்று வருடம் வேண்டும். மிச்ச இரண்டு வருடத்துக்கு அவர் சி.எஸ்.என். உதவித்தொகையையும் கடனையும்தான் நம்ப வேண்டும். படித்தவருக்கு மேலே ஒரு படி ஏற உதவுகிற அளவுக்கு, படிக்காதவர் முதல் படியில் கால்வைக்க இந்தத் தொகை உதவவில்லை.

நான் ஊரில பட்டம் முடிச்சனான். அது செல்லுமோ?

பல்கலைக்கழக, உயர்கல்விக் கவுன்சில் அதை மதிப்பிட்டுத் தரும். கட்டணமில்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து படிக்க வருபவர்களுக்கு 2011 முதல் கல்விக் கட்டணம் உண்டு. ஆனால் நிரந்தர வதிவிட உரிமை பெற்று இங்கே வாழ்பவருக்கு அது இல்லை. சுவீடிஷ் மொழிதான் முதல் தடை. குடியேறியவர்களுக்கு அந்த மொழியைக் கற்பிக்கும் எஸ்.எஃப்.ஐ. வகுப்புகள் இலவசம், அதை இழுத்தடிக்காதீர்கள்.

பல்கலைக்கழகம் உண்மையா எங்களை விரும்புதோ?

ஆசிரியர்கள் விரும்புகிறார்கள். வேலை அனுபவம் உள்ளவர் கேட்கிற கேள்வியே வேறு. மருந்து மாறிக் கொடுக்கப்படுவதைப் பற்றி வகுப்பில் பேசும்போது, பத்தொன்பது வயதுப் பிள்ளை எழுதிக்கொள்ளும்; பத்து வருடம் வார்டில் நின்றவர் அது எந்த நேரத்தில், எந்தக் களைப்பில் நடக்கிறது என்று சொல்வார்.

பணக்கணக்குத்தான் எங்களுக்கு எதிராக இருக்கிறது. 1993 முதல் அரசு பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் பணம் இரண்டு அளவில் கணிக்கப்படுகிறது: எத்தனை முழுநேர மாணவர், அவர்கள் தேறிய புள்ளிகள் எத்தனை. வேலை செய்துகொண்டு படிக்கிறவர் எடுப்பது பெரும்பாலும் ஏழரைப் புள்ளிப் பாடநெறி ஒன்று. ஒரு வருட முழுநேரப் படிப்பு 60 புள்ளி. ஆக, அப்படிப்பட்ட எட்டுப் பேர் வந்தால்தான் கணக்கில் ஒரு மாணவர். எட்டுப் பேரையும் பதிந்து, வழிகாட்டி, பரீட்சை வைக்கும் வேலையோ எட்டு மடங்கு. அதோடு, தனக்குத் தேவையானதைக் கற்றுக்கொண்ட ஐம்பது வயதுக்காரர் சோதனைக்கு வராமலே போய்விடுவார். அவருக்கு அறிவு போதும், சான்றிதழ் வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கோ அவர் தேறாத மாணவர்.

2021 ஜூலையில் உயர்கல்விச் சட்டத்தில், பல்கலைக்கழகங்கள் வாழ்நாள் கல்வியை ஊக்குவிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நல்ல வரிதான். ஆனால் சட்டம் ஒரு பக்கம் இழுக்க, நிதிவிதி மறுபக்கம் இழுக்கிறது. எது வெல்லும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. நிதிவிதியைத் தொடாமல் இருக்கும் வரைக்கும் தனிப் பாடநெறிகள் பணம் இறுகும் வருடத்தில் முதலில் வெட்டுப்படும் கிளையாகவே இருக்கும்.

படிச்ச ஆக்கள் கூடக் காலம் வேலை செய்வினம், அதால பென்சன் செலவு குறையும் எண்டு சொல்லினம். உண்மையோ?

அரசியல்வாதிகள் விரும்பும் வாதம் இது. ஓய்வு வயது உண்மையில் ஏறிக்கொண்டுதான் போகிறது. பென்சன் எடுக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 2023-இல் 63, 2026-இல் 64. முழுப் பென்சனுக்கான வழிகாட்டு வயது 2026-இல் 67. விரும்பினால் 69 வரை வேலையில் இருக்க உரிமையுண்டு.

ஆனால் பிந்திய வயதில் படிப்பதால் ஓய்வு தள்ளிப்போகிறதா? ஆன்டர்ஸ் ஸ்டென்பெரி, சேவியர் டெ லூனா, உல்லெ வெஸ்டர்லுண்ட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் சுவீடனின் பதிவேடுகளை வைத்து இதைப் பார்த்தார்கள். 42 வயதிலும் அதற்கு மேலும் நகரசபை வளர்ந்தோர் கல்வியில் படித்தவர்களை, படிக்காத ஒத்த நிலையினரோடு ஒப்பிட்டார்கள். 2012-இல் வெளியான அவர்கள் முடிவு: ஓய்வுபெறும் காலத்தில் வித்தியாசம் காணவில்லை.

இதை மறைத்துவிட்டு வாதாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பென்சன் மிச்சம் பிடிக்கிற இயந்திரம் என்று சொல்லி வளர்ந்தோர் கல்வியை விற்றால், ஒரு நாள் கணக்குப் பார்த்து மூடிவிடுவார்கள். அண்டை நாடான ஃபின்லாந்து, வேலையிலிருந்து விடுப்பெடுத்துப் படித்தவர்களுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையை 2024 ஆகஸ்டில் நிறுத்தியே விட்டது. நான் சொல்கிற காரணம் வேறு. இடுப்பு தேய்ந்த உதவித் தாதி ஒருத்தி 55 வயதில் ஆள் தூக்கும் வேலையை விட்டு, படித்து, புதியவர்களைப் பழக்குகிறவராக மாறுகிறார். அவரும் 65-இல்தான் ஓய்வுபெறுவார். ஆய்வில் அது வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் அந்தப் பத்து வருடம் அவர் எப்படி வாழ்ந்தார், அவரிடம் பழகியவர்கள் எங்கள் முதியவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் முழுவதும் இருக்கிறது.

ஓய்வு பெற்ற ஆக்களும் படிக்கினமே, அது பொழுதுபோக்குத்தானே?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் சூடாகிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியேர் வெல்லா என்ற பேராசிரியர் மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். ஆறு வருடத்தில் அந்த எண்ணம் சுவீடனுக்கு வந்தது. உப்சாலாவில் 1979 முதல் ஓய்வூதியர் பல்கலைக்கழகம் இயங்குகிறது. சோதனை இல்லை, பட்டம் இல்லை. உறுப்பினர்களே பாடங்களைத் தீர்மானிக்கிறார்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள் வந்து பேசுகிறார்கள். படிப்பு வட்டங்களிலும் முதியவர்களை ஏராளமாகக் காணலாம்.

என் பராமரிப்பில் இருந்த ஒரு தாத்தா, முன்னாள் தச்சர். மனைவி போன பிறகு மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடும் குறைந்தது. படிப்பு வட்டமொன்றில் வானவியல் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப்போனார். வியாழக்கிழமைகளில் மட்டும் அவர் முகம் மழித்திருப்பதை நான் கவனித்தேன். பிறகு மற்ற நாட்களிலும். எந்த மருந்துக் குறிப்பிலும் அதை நான் எழுதவில்லை; எழுத இடமும் இல்லை.

படிப்பு வட்டங்களை நடத்தும் பத்துச் சங்கங்களுக்கான மானியத்தை 2024-இலிருந்து படிப்படியாக வெட்டி, 2026-இல் ஆண்டுக்கு 500 மில்லியன் குரோனர் குறைப்பது என்று அரசு முடிவெடுத்தது. தவறான இடத்தில் விழுந்த வெட்டு என்றே நினைக்கிறேன். மானியம் சில இடங்களில் முறைகேடாகப் பயன்பட்டது உண்மை, அதைத் திருத்தலாம். ஆனால் முதியவரைத் தனிமையிலிருந்து வெளியே கூட்டிவரும் மலிவான வழியை மூடினால், அவர் எங்கள் வார்டுக்குத்தான் வருவார். அங்கே ஒரு நாள் செலவு என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் இருந்தும் ஆருக்குக் கிடைக்கேல்ல?

ஏற்கெனவே படித்தவர்களே மேலும் மேலும் படிக்கிறார்கள் என்பது எல்லா நாட்டிலும் காணும் நடப்பு, சுவீடனும் விலக்கல்ல. அலுவலகத்தில் இருப்பவருக்குக் காலை பத்து மணிக்கு இணையவழி வகுப்பு வசதி. மாறி மாறி இரவு வேலை செய்யும் பராமரிப்புப் பணியாளருக்கு அதே நேரம் தூக்கம்.

அதை உடைத்த ஒரு ஏற்பாடு 2020-இல் வந்தது. கொரோனா முதியோர் இல்லங்களுக்குள் புகுந்து ஏராளமானோரைக் கொண்டுபோன வருடம் அது. பணியாளரின் பயிற்சிக் குறைவும் அதற்கு ஒரு காரணம் என்ற பேச்சு எழுந்தது. முதியோர் பராமரிப்பு உயர்த்தல் திட்டம் என்ற பெயரில், பணியாளர்கள் வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, உதவித் தாதிப் படிப்பைப் படிக்க அரசு நகரசபைகளுக்குப் பணம் கொடுத்தது. 2023 ஜூலையிலிருந்து உதவித் தாதி என்பது சட்டப் பாதுகாப்புள்ள தொழிற்பெயர். புதிதாக வருபவர் தகுதிச் சான்று இல்லாமல் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாது. பத்து வருடம் தற்காலிக வேலையில் நின்ற எங்கள் பெண்கள் பலருக்கு அந்தத் திட்டம் வாழ்க்கையைத் திருப்பியது. திறமை இருந்தவர்கள்தான், நேரம் இல்லாமல் இருந்தார்கள்.

இந்த வயசில மூளையில ஏறுமோ?

ஏறும், மெதுவாக. உடற்கூற்றுப் பெயர்களை மனப்பாடம் செய்வதில் இளம் பிள்ளைகள் என்னை விட்டு ஓடிவிட்டார்கள். முதல் சோதனையில் நான் தவறினேன். மறுபடி எழுதலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது; எல்லாம் முடிந்தது என்று பேருந்தில் அழுதுகொண்டு வந்தேன். நோயாளியோடு பேசுகிற பாடத்தில் அதே பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்டார்கள்.

சரி அக்கா, நாளைக்கு எங்க போய்த் தொடங்கிறது?

உங்கள் நகரசபையில் படிப்பு ஆலோசகர் இருக்கிறார், சந்திப்பு இலவசம். உயர்தரப் பாடம் குறைந்தால் அவரே கொம்வக்ஸுக்கு, அதாவது நகரசபை வளர்ந்தோர் கல்விக்கு, அனுப்புவார். பல்கலைக்கழகத்துக்கு எல்லாவற்றுக்கும் ஒரே இணையத்தளம்: அன்டாக்னிங். இலையுதிர்காலப் பருவத்துக்கு ஏப்ரல் 15, வசந்தகாலப் பருவத்துக்கு ஒக்டோபர் 15 கடைசி நாள். முதலாளியிடம் விடுப்பு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முழுப் படிப்புக்குத் துணிவு வராவிட்டால் ஒரு ஏழரைப் புள்ளிப் பாடநெறியில் தொடங்குங்கள். மாலை வகுப்பும் தொலைக்கல்வியும் உண்டு. படிவம் விளங்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாருங்கள், நான் வீட்டில் இருப்பேன். சம்பளச் சிட்டைகளைக் கையோடு கொண்டுவாருங்கள்.